சிவப்பு நூல் கட்டிய பிப்பெட்

பிரேமினி தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் நின்று மூன்றாவது தடவையாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னேரம் ஐந்து மணி. பள்ளிக்கூடத்து வெள்ளை உடுப்பைக்கூட மாற்றவில்லை. கழுத்துப்பட்டியை மட்டும் முதுகுப்பக்கம் தள்ளிவிட்டிருந்தாள்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கிவந்த நாகலெட்சுமி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே மகளைப் பார்த்தபடி நின்றாள். காலையில் விளக்கியது போதாதா, பற்பசை என்ன பீலியிலா ஊறுகிறது என்று கேட்க வாயெடுத்தவள், பிரஷ்ஷின் நுனியைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். நுரை சிவந்திருந்தது. ஈறு கிழிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. பிள்ளை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. துப்பிவிட்டு மறுபடியும் பற்பசையைப் பிதுக்கினாள்.

"என்னடி செய்ற?"

நாகலெட்சுமி பிரஷ்ஷைப் பிடுங்கிப் பீலிக்கல்லில் வைத்தாள். தேயிலைக் கறை படிந்த கையாலேயே மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"அம்மா, மோந்து பாரும்மா. என் வாய் நாறுதா?"

நாறவில்லை. பிரேமினியின் வாயில் நாற்றமும் இல்லை, நோயும் இல்லை. அவள் அப்பா பழனியாண்டி தோட்டத்தில் மண்ணைக் கிளறி முள்ளுக்குத்துகிற வேலை போக, சாவு வீடுகளில் தப்பு அடிப்பவர். விசயம் அவ்வளவுதான். மீதியைச் சொல்ல மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்தில் இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். கட்டி எழுபது வருஷமாகிறது. அந்த எழுபது வருஷத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு என்ற ஒன்று அங்கே இருந்ததில்லை. ஓ.எல். பாஸான பிள்ளைகளுக்குக் கலைப் பிரிவு. அது பிடிக்காவிட்டால் கொழும்பில் துணிக்கடை. விஞ்ஞானம்தான் வேண்டுமென்றால் நுவரெலியாவிலோ கண்டியிலோ விடுதியில் தங்க வேண்டும். வரிசை வீடுகளில் வளர்கிற லயத்துப் பிள்ளைகள் எந்த விடுதியைக் கண்டார்கள்? ஆசைப்படுவதையே விட்டிருந்தார்கள்.

இந்த வருஷம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரசாயனவியலும் உயிரியலும் பௌதிகவியலும் தொடங்கலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனை. முதல் வருஷம் முடியும்வரை பத்துப் பிள்ளைகளாவது வகுப்பில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வகுப்பை மூடி, ஆசிரியரை வேறு இடத்துக்கு எடுத்துவிடுவார்கள்.

இரசாயனம் படிப்பிக்க வந்தவர் சுதாகரன் சேர். முப்பது வயதிருக்கும். டிக்கோயாக்காரர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஓரிடத்தில் நிற்கவே மாட்டார் மனுசர். பெற்றோர் கூட்டத்தில் வெண்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தபடியே பேசினார். டொக்டருக்குப் போனாலும் இரசாயனம் வேண்டும், எஞ்சினியருக்குப் போனாலும் இரசாயனம் வேண்டும் என்றார். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், விவசாயப் பட்டத்துக்கும் ஆய்வுகூட வேலைக்கும் இதுதான் வாசல் என்றார். கொழும்புப் பிள்ளை எடுக்கிற அளவு புள்ளி நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளைக்குத் தேவையில்லையாம். கெம்பஸில் மாவட்டத்துக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம்.

"நமக்குனு வச்ச இடம் வருசா வருசம் இருக்கு. போய் ஒக்காரத்தான் நம்மகிட்ட ஆள் இல்ல," என்றார்.

பின்வரிசையில் இருந்த நாகலெட்சுமிக்கு அந்தப் பேச்சில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியே அவளை ஒரு வாரம் பிடித்து ஆட்டியது. கொழுந்து எடுக்கும்போதும் அதே நினைப்பு, ரொட்டி சுடும்போதும் அதே நினைப்பு. தன் வயிற்றில் பிறந்தது கெம்பஸ் கதிரையில் உட்காரும் என்று நினைக்கும்போது அவளுக்கு உடம்பு கூசியது, பயமாகவும் இருந்தது.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் சேர் ஓர் உதவி கேட்டார். அமிலத்தை அளந்து எடுக்க பிப்பெட் என்று ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. வாயால் உறிஞ்சி எடுப்பது பழைய முறை. தொண்டைக்குள் போய்விட்டால் ஆபத்து. குழாயின் தலையில் மாட்டுகிற ரப்பர் பல்பு விற்கிறார்கள், விரலால் அமுக்கி விட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பெற்றோர் சேர்ந்து பத்துப் பல்பு வாங்கித் தர முடியுமா? கரண்ட் இல்லாமல் எரிகிற பல்பா சேர் என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கந்தப்பன் எழுந்தார். தோட்டத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், ஆகவே பள்ளிக்கூடத்திலும் முதல் வரிசை அவருடையது. பிள்ளைகள் பார்த்துக் கவனமாக உறிஞ்சிக்கொள்வார்கள், இதற்கெல்லாம் இப்போது என்ன அவசரம் என்றார். அத்தோடு கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் வாயில் அமிலம் போவதைப் பற்றி அன்றைக்கு ஒருவருக்கும் கவலை வரவில்லை.

பத்துப் பேர் சேர்ந்தார்கள். சரியாகப் பத்து. அதில் ஒருத்தி பிரேமினி, இன்னொருத்தி கந்தப்பனின் மகள் கௌசி. இரண்டும் முதலாம் ஆண்டிலிருந்து ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். ஒரே ஐஸ் பக்கெட்டின் முனையைக் கடித்து, மாற்றி மாற்றி உறிஞ்சி வளர்ந்தவர்கள். அது கந்தப்பனுக்குத் தெரியாது.

கந்தப்பனுக்கு மகள் டொக்டராக வேண்டும். அதனால் இரசாயன சேரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். மனைவியின் சீரோடு வந்த வெள்ளித் தம்ளர் ஒன்று அலுமாரியில் இருந்தது. சேர் வந்தால் அதில்தான் தண்ணீர். முதல் ஞாயிற்றுக்கிழமையே, டிக்கோயாவில் எங்கே என்று கேட்டார். டவுன் பக்கம்தான் என்று சொல்லிவிட்டு, சேர் தம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார்.

போன திங்கட்கிழமைதான் முதல் செய்முறைப் பாடம். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிப்பெட். முதலில் சேர் செய்து காட்டினார். தண்ணீர் நிறையக் கலந்த அமிலத்தில் குழாயை விட்டு, வாய் வைத்து, குழாயில் கீறியிருந்த கோட்டுக்கு மேல் வரும்வரை உறிஞ்சினார். சட்டென்று விரலால் குழாயின் தலையை மூடினார். விரலை மெல்லத் தளர்த்திக் கோடுவரை இறக்கிக் குடுவையில் விட்டார். அதில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட, கடைசிச் சொட்டில் நிறமில்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்குப் பிசகிவிடும். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பிரேமினிக்கு முதல் தடவையிலேயே வாய்த்தது. சேர் அவள் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

கௌசிக்கு வரவில்லை. விரல் வழுக்கி எல்லாம் கீழே ஓடியது. மூன்று தடவை ஓடியது. பிரேமினி குழாயை வாங்கித் தான் உறிஞ்சிக் காட்டி, அப்படியே தோழியின் கையில் கொடுத்தாள். கௌசி அப்படியே வாயில் வைத்தாள். நாலாவது தடவை சரியாக வந்தது. குடுவைக்குள் ரோசா நிறம் எழுந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

குதித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் பதினேழு வயது, சந்தோசம் வயிற்றில் நிற்குமா? கௌசி வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பிரேமினி உறிஞ்சிக் காட்டினாள், நான் அப்படியே வாங்கி உறிஞ்சினேன், ஒரே சொட்டில் கலர் மாறிச்சுப்பா என்றாள். கந்தப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். எந்தப் பிரேமினி என்று கேட்டார். அவருக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்.

வியாழக்கிழமை காலை, கந்தப்பனும் இன்னும் நாலு பிள்ளைகளின் அப்பாமாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. இந்த மாதிரி வேலைகளைச் சத்தம் போட்டு யாரும் செய்வதில்லை. கை கட்டி நின்று, மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"கொறையா நெனைக்காதீங்க சேர். புள்ளைங்க ஒண்ணா ஒக்காரட்டும், ஒண்ணா படிக்கட்டும், நாங்க ஒண்ணும் சொல்லல. வாய் வைக்கிற சாமான் மட்டும் வேற வேறயா இருந்தா நல்லது."

பள்ளிக்கூட அதிபர் போன் வந்ததாகச் சொல்லி எழுந்து வெளியே போனார். போன் அவர் மேசையிலேயே இருந்தது. சுதாகரன் சேர் அலுவலக அறைக்குள் ஒரு சுற்று நடந்தார். ரப்பர் பல்பு வாங்கினால் எந்த வாயும் எதிலும் படாதே என்றார். பல்பு வருகிறபோது வரட்டும், வாய் பட்ட குழாய் பட்டதுதானே என்றார் கந்தப்பன். பிறகு சட்டைப்பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு புது பிப்பெட்டை எடுத்து மேசையில் வைத்தார். கண்டிக்கு ஆள் அனுப்பி வாங்கியது. மூன்று மாதமாக யாருக்கும் வாங்கத் தோன்றாத சாமான், மூன்றே நாளில் வந்துவிட்டது. புதியது ஒன்பது பிள்ளைகளுக்கு. பழையது பிரேமினிக்கு. மாறிவிடாமல் இருக்கப் பழையதன் கழுத்தில் கட்டச் சிவப்பு நூலும் கொண்டுவந்திருந்தார்கள். கோயிலில் கையில் கட்டுகிற அதே நூல்.

முடியாதென்றால் தங்கள் ஐந்து பிள்ளைகளையும் கலைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்களாம். அப்புறம் வகுப்பு ஏது?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரேமினியை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அவள் நின்றால் ஒன்பது. கௌசியின் டொக்டர் கனவும் சேர்ந்து போய்விடும். பத்தைக் கூட்ட அவள் தலை அவர்களுக்கு வேண்டும். அவள் வாய்தான் வேண்டாம்.

சுதாகரன் சேர் சரி என்றார்.

அன்று செய்முறைப் பாடத்தில் அவர் பிரேமினியின் முகத்தைப் பார்க்காமல் நூல் கட்டிய பிப்பெட்டை நீட்டினார். இது ஒங்களுக்குத் தனியா என்றார். பைத்தியக்காரப் பிள்ளை, திங்கட்கிழமை நன்றாகச் செய்ததற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துவிட்டது. சிரித்த முகத்தோடு கௌசியைத் திரும்பிப் பார்த்தது. கௌசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லிட்டாருடி என்று அவள் முணுமுணுத்தபோதுதான் பிரேமினிக்கு நூலின் அர்த்தம் விளங்கியது.

இவ்வளவும் பீலிக்கரையில் சொல்லி முடிந்தபோது நாகலெட்சுமி படங்கை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மேல் லயத்துப் பாதையில் விறுவிறுவென்று ஏறினாள். கந்தப்பன் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்ற வேகம். எதிரே பழனியாண்டி வந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு. தப்பைத் தோளில் மாட்டியிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தி, வீட்டு இஸ்தோப்புத் திண்ணைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தார். என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நாகலெட்சுமியால் உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், அடுப்படிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"நம்ம புள்ளய நிப்பாட்டிருவோம். ஒம்பது பேர வச்சு எப்படி நடத்துறானுங்கனு நானும் பாக்குறேன்," என்றாள்.

"எனக்குப் படிக்கணும்மா," என்றாள் பிரேமினி.

போய்ச் சண்டை போட்டால் கந்தப்பன் ஐந்து பேரை எடுப்பார், வகுப்பு போகும். இவளை நிறுத்தினாலும் வகுப்பு போகும். வகுப்பு இருக்க வேண்டுமானால் நூல் கட்டிய குழாயை இரண்டு வருஷம் உறிஞ்ச வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் வலிக்கப்போவது பிள்ளைக்குத்தான்.

பழனியாண்டி தப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அந்த சேர் யாரு தெரியுமா?" என்றார் மெதுவாக. "டிக்கோயா செல்லசாமி மகன்."

நாகலெட்சுமி நின்றுவிட்டாள். செல்லசாமியை அவளுக்குத் தெரியும். பெரிய தோட்டத்துச் சாவுகளுக்கு நாலு தப்பு வேண்டுமென்றால் பழனியாண்டிக்குப் பக்கத்தில் நின்று அடிக்கிறவர். இருபது வருஷப் பழக்கம். மகன் பேராதனையில் படிக்கிறான் என்று, தப்புக் காய்ச்சுகிற நெருப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதைப் பழனியாண்டி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். பெற்றோர் கூட்டத்தில் சேர் இவரைக் கண்டார், இவரும் சேரைக் கண்டார். சேர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். நம் பிள்ளை ஒன்று மேலே வந்திருக்கிறது, நன்றாக இருக்கட்டும் என்று வீட்டில்கூட வாய் திறக்காமல் இருந்துவிட்டார்.

காலையில் ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்தில் வைத்துச் சொல்வோம் என்றாள் நாகலெட்சுமி. வெள்ளித் தம்ளரைக் கந்தப்பன் என்ன செய்கிறார் என்று பார்ப்போம் என்றாள். பழனியாண்டி வேண்டாம் என்று தலையாட்டினார். சொன்னால் செல்லசாமி பிள்ளையை இங்கே நிற்க விடமாட்டார்கள், அவன் போனால் பாடமும் போய்விடும் என்றார். அதோடு, மறைத்து வைத்திருக்கிற ஒருவனை நாலு பேர் முன்னால் உரித்துக் காட்டுகிற வேலை நமக்கு வேண்டாம் என்றார்.

பிரேமினி ஈறைத் தடவிக்கொண்டு யோசித்தாள். "அப்ப அந்தப் பழைய பிப்பெட்டுல மொதல்ல வாய் வச்சது சேர்தானேப்பா. அதுக்கு அப்புறம்தான் நாங்க எல்லாரும்."

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு. பிரேமினிக்குப் புத்தகத்தில் கண் நிற்கவில்லை. பீலிக்கும் வீட்டுக்கும் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுதாகரன் சேர் மேல் லயத்துப் பாதையில் கந்தப்பன் வீட்டுக்கு ஏறிப் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். ஒன்றில் ஒன்பது பேரும் புது பிப்பெட்டும். ஜன்னலோரத்து மேசையில் பிரேமினி. அவள் நூல் கட்டிய குழாயை எடுத்தாள், உறிஞ்சினாள், கோட்டில் நிறுத்தினாள். ஒரு மயிரிழை பிசகவில்லை. அமிலத்தைக் குடுவையில் விட்டாள். பிறகு குழாயைக் கையில் ஏந்தியபடி கூப்பிட்டாள்.

"சேர், கோடு சரியா வருதானு எனக்குச் சந்தேகமா இருக்கு. இதுல ஒருக்கா செஞ்சு காட்டுங்க."

வகுப்பிலேயே அதை ஒரு தடவையும் பிசகாமல் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அது எல்லோருக்கும் தெரியும். ஒன்பது பேரும் திரும்பினார்கள். எப்போதும் நடந்துகொண்டே இருக்கிற சுதாகரன் சேர், முதல் தடவையாக ஓரிடத்தில் அசையாமல் நின்றார். பிள்ளையின் பார்வையில் மிரட்டல் இல்லை. கேலியும் இல்லை. ஆனால் அது பழனியாண்டியின் மகளுடைய பார்வை. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் வேறு எதுவும் சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்தது. அதுதான் அவரைச் சுட்டது. வேலை இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அப்படித் தப்பித் தப்பித்தான் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

அவர் குழாயை வாங்கினார். கழுவவில்லை, துடைக்கவில்லை. வாய் வைத்து உறிஞ்சினார். கோட்டில் நிறுத்தினார். குடுவையில் விட்டார். "ஒங்க கோடு சரிதான்," என்றார்.

பிறகு ஒன்பது பேரின் மேசைக்கு நடந்தார். இங்கேயும் சிலருக்குப் பிழை வருகிறது, பாருங்கள் என்று சொல்லி, புது பிப்பெட்டை எடுத்து அதே வாயை அதிலும் வைத்தார். உறிஞ்சிக் காட்டிவிட்டுக் கௌசியின் கையில் கொடுத்தார்.

கௌசி குழாயைப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் நின்ற பிரேமினியைப் பார்த்தாள். வாயில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர் செய்தார்கள். மற்ற நாலு பேரும் இன்றைக்கு நேரமாகிவிட்டது, நாளைக்குச் செய்கிறோம் என்றார்கள். மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

செய்தி அன்றைக்கே மேல் லயத்துக்குப் போய்விட்டது. மறுநாள் காலை கந்தப்பன் தனியாக வந்தார். சேரைப் பள்ளிக்கூட வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போனார். அவருக்குக் கோபம் இல்லை. வருத்தம்தான். சேரைக் காப்பாற்ற வேண்டுமே என்ற வருத்தம்.

"பெரிய மனசுல செஞ்சிட்டீங்க. நம்ம ஆளுகதான் ஒரு மாதிரி. சேர் டிக்கோயாவுல யாரு வீட்டுப் புள்ளைனு மட்டும் சொல்லுங்க. நான் அவங்ககிட்ட சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்."

கீழே பிள்ளைகள் காலைக் கூட்டத்துக்கு வரிசையில் நின்றார்கள். சுதாகரன் சேர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு அடிக்கிற செல்லசாமி மகன், தலைவரே."

கந்தப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டார். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் நேற்று முன்தினம்கூட. மனைவி கையால் பரிமாறிய சோறு, சீரில் வந்த வெள்ளித் தம்ளர். தம்ளரைக் கழுவி அவர் வீட்டுச் சாமி அலுமாரிக்குக் கீழேதான் கவிழ்த்து வைக்கிறார்கள். மகளை வகுப்பிலிருந்து எடுக்கலாம். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால், அந்த ஆளை மூன்று மாதம் வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டது யார் என்று கேட்பார்கள். கோயில் கமிட்டிக் கதிரையில் அடுத்த திருவிழாவுக்கு யார் உட்காருவது என்றும் கேட்பார்கள். ஊரை அவர் எப்படிக் கேட்டு வைத்திருந்தாரோ, அப்படியே ஊர் அவரைக் கேட்கும்.

அவர் போய் மற்ற நாலு பேரிடம் சொன்னார்: "நான் விசாரிச்சுட்டேன். சேர் நல்ல குடும்பத்துப் புள்ள." அவர் வாழ்க்கையில் அறியாமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான். கௌசி வகுப்பில் இருந்தாள். பத்தும் பத்தாகவே இருந்தது. ஆனால் சேரை அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. பிரேமினி பழையபடி ஒரு தடவைதான் பல் விளக்கினாள்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு சின்ன விழா. ரப்பர் பல்பு வந்துவிட்டது. பெட்டியின் மேல், கோயில் குழல்விளக்கில் எழுதுவது போலவே, "உபயம்: கந்தப்பன் குடும்பத்தினர்" என்று காகிதம் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் வாயில் அமிலம் போவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்று கந்தப்பன் ஒலிவாங்கியில் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அரைநாள் லீவு போட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமியும் தட்டினாள். எதற்குத் தட்டுகிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

பெட்டியைத் திறந்தார்கள். பதினொரு பல்பு. மாணவருக்குப் பத்து, சேருக்கும் மறக்காமல் ஒன்று என்று அதிபர் மெச்சினார். ஒன்பது பச்சை. இரண்டு சிவப்பு.

யார் யாருக்கு என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. பழனியாண்டி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மேடை ஓரத்தில் நின்ற சுதாகரன் சேர் நடக்கத் தொடங்கினார், மூன்று எட்டு இந்தப் பக்கம், மூன்று எட்டு அந்தப் பக்கம்.

உபயகாரரின் மகள் என்று முதலில் கௌசியைக் கூப்பிட்டார்கள். கந்தப்பன் பெட்டியின் பச்சைப் பக்கத்தை அவளுக்கு நீட்டினார். கௌசி பெட்டிக்குள் பார்த்தாள். அப்பா வீட்டில் சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்ததை அவள் கண்ணால் கண்டவள். இரண்டு சிவப்பில் ஒன்று யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். மற்றது? தலையைத் திருப்பி, நடந்துகொண்டிருந்த சேரைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி ஒரு சிவப்பை எடுத்துக்கொண்டாள்.

"அது இல்லம்மா. பச்சைய எடு," என்றார் கந்தப்பன், சிரித்த முகத்தை மாற்றாமல், பல்லுக்குள்.

"எனக்கு இது போதும்ப்பா," என்றாள் கௌசி. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுவதும் கேட்டது.

அடுத்தது பிரேமினி. கந்தப்பன் பெட்டியைத் திருப்பி மிஞ்சிய சிவப்பை அவள் பக்கம் கொண்டுவந்தார். அவள் அதைத் தாண்டிக் கை விட்டு ஒரு பச்சையை எடுத்தாள், வணக்கம் தலைவரே என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். மூன்றாவதாக வந்த பையனுக்கு ஒன்றும் தெரியாது. கௌசி எடுத்தது நல்லதாகத்தான் இருக்கும் என்று மற்றச் சிவப்பை அவன் எடுத்துக்கொண்டான்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசியாக சேரைக் கூப்பிட்டார்கள். பெட்டியில் மிஞ்சியிருந்தது பச்சை. கந்தப்பன் அதை எடுத்துத் தன் கையாலேயே அவர் கையில் வைத்தார். படம் எடுக்கிறவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.